போனில் கேட்ட குளிர்

ஊருக்குத் திரும்பி வந்த இரண்டாவது வாரம். காலை ஆறரை மணி இருக்கும், வாசல் கேட்டைத் திறக்கப் போனேன். கையுறை போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் எத்தனையோ தடவை வெறுங்கையால் திறந்த கேட்தானே என்ற நினைப்பு. இரும்புத் தாழ்ப்பாளில் விரல் பட்டதும் சுட்டுவிட்டதுபோல் கையை உதறிக்கொண்டேன். குளிர்கிறது என்றே முதலில் தோன்றவில்லை, சுடுகிறது என்றுதான் தோன்றியது. பக்கத்தில் இருந்த மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன், அது அப்படி இல்லை. இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே பனியில் நின்றவை, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். இரும்பு கையின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாக இழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளியில் படித்ததுதான். ஆனால் பதினோரு வருஷம் வெயில் நாட்டில் இருந்துவிட்டு வந்த கைக்கு அது புதிதாக இருந்தது.

அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைதானே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். குளிர் ஊரில் பிறந்தவர்களுக்குக் குளிர் ரத்தத்திலேயே இருக்கும், எங்கே போய்விட்டு வந்தாலும் அது போகாது என்று.

போய்விடுகிறது. கடைசிச் சில வாரங்கள் எங்கே இருந்தோமோ அதற்கேற்றபடிதான் உடம்பு வேலை செய்யும். வெயில் நாட்டுக்குப் போன புதிதில் ஒன்றிரண்டு வாரத்திலேயே உடம்பு சீக்கிரம் வியர்க்கக் கற்றுக்கொள்ளும், ரத்தத்தைத் தோலை நோக்கி அனுப்பிச் சூட்டை வெளியே தள்ளப் பழகும். நான் அந்தப் பழக்கத்தோடு பதினோரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். குளிரில் நடக்க வேண்டியது அதற்கு நேர் எதிர். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்க வேண்டும், சூடு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளேயே நிற்க வேண்டும். அதனால்தான் கைவிரலும் கால்விரலும் முதலில் விறைக்கின்றன. ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகமும் கூடுதலாக வேலை செய்கிறது, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. ஏதோ நோய் வந்துவிட்டது என்று முதல் வாரம் பயந்தே போனேன். குளிருக்கு இது இயல்பு என்று பிறகுதான் தெரிந்தது.

பயத்தில் நான் செய்த முதல் காரியம், என் அறையின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஹீட்டரை முழு அளவில் வைத்துக்கொண்டு படுத்தது. அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் தலையணையில் ரத்தக்கறை. மூக்கின் உள்பக்கம் காய்ந்து வெடித்திருந்தது. உதடு வெடித்து, குதிகால் பிளந்து, ஸ்வெட்டரைக் கழற்றும்போதெல்லாம் படபடவென்று பொறி தெறித்தது.

காரணம் காற்றில் ஈரம் குறைந்துபோனது. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் ஏறக்குறைய 5 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 20 டிகிரியில் அதே அளவு காற்று 17 கிராம் வரை வைத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து சூடானதும், இருக்கிற 5 கிராமை வைத்துக்கொண்டு 17 கிராமுக்கு ஏங்கும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்தக் குறையை நம் மூக்கிலிருந்தும் தோலிலிருந்தும்தான் அது எடுத்துக்கொள்கிறது. சரி, ஈரத்தைக் கூட்டலாம் என்று துவைத்த துணியை எல்லாம் அறைக்குள்ளேயே காயப்போட்டேன். ஒரே வாரத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்து வழிந்தது, வெளிச்சுவரை ஒட்டி நின்ற பீரோவின் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் தண்ணீராகத்தானே ஆகும். இப்போது துணியை ஒன்றிரண்டாகத்தான் உள்ளே போடுகிறேன், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன், காலையில் பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு மூடுகிறேன். அந்தப் பத்து நிமிஷத்தில் சுவரின் சூடு போய்விடாது, காற்று மட்டும்தான் மாறும். நாள் முழுக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஈரப்பதம் பார்க்கத்தான் ஒரு சின்ன மீட்டர் வாங்கினேன், வெப்பநிலையும் காட்டும் வகை. என் அறையில் பார்த்துவிட்டு, கூடத்தில் பார்த்துவிட்டு, ஒருநாள் ராத்திரி அதை அம்மாவின் அறையில் வைத்தேன். காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் 13 டிகிரி.

திரும்பவும் பார்த்தேன். 13தான். அம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டு, தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே இருந்த கையைத் தொட்டேன். கேட் தாழ்ப்பாள் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு மனிதக் கை அவ்வளவு குளிர்ந்து நான் தொட்டதில்லை.

குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல். வயதானவர்களுக்கு அதற்கும் மேலே வைப்பது நல்லது. ஏனென்றால் வயது ஏற ஏறக் குளிரை உணர்வதே மந்தமாகிவிடுகிறது, நடுக்கமும் முன்போல் வராது. அதாவது உடம்பின் சூடு குறைந்துகொண்டிருக்கும், அவர்களுக்குத் தெரியாது. ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தமும் ஏறும். "எனக்குக் குளிரவே இல்லை" என்று ஒரு எழுபது வயதுக்காரர் சொன்னால் அது நிம்மதிப்பட வேண்டிய பேச்சு இல்லை, போய்ப் பார்க்க வேண்டிய பேச்சு.

பதினோரு வருஷம் நான் அந்தப் பதிலைத்தான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் கேட்பேன், "அங்கே குளிர் எப்படிம்மா?" என்று. "ஒண்ணும் இல்ல, எப்பவும் போலத்தான்" என்பார். அதற்கப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். நான் கேட்டது பொய் அக்கறை இல்லை, உண்மையாகத்தான் கேட்டேன். ஆனால் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டு கேட்டவருக்கு "எப்பவும் போல" என்றால் என்ன புரியும்? எனக்கு நினைவிருந்த குளிர் என் சின்ன வயதுக் குளிர். வீட்டில் ஐந்து பேர் இருந்தோம், எப்போதும் யாராவது ஒருவர் மேல் சாய்ந்துகொண்டு இருப்போம், அப்பா முன்னதாக எழுந்து வெந்நீர் வைத்திருப்பார். அம்மா தனியாகக் கழித்த குளிர்காலங்கள் வேறு. ஒரு ஆளுக்காக எதற்கு ஹீட்டர் என்று அதைப் போடுவதையே விட்டுவிட்டிருக்கிறார். இதைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். ஒரு வெப்பமானி வாங்கி அனுப்புங்கள். "குளிர் எப்படி" என்று கேட்காமல் "மீட்டர்ல இப்போ எவ்வளவு காட்டுது" என்று கேளுங்கள். பதிலுக்கு எண் ஒன்று வந்துவிட்டால் அதற்குமேல் மறைக்க எதுவும் இருக்காது.

அம்மாவின் அறைக்குச் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. கதவின் அடியில் காற்று வரும் இடைவெளிக்குத் துணியைச் சுருட்டி நீளமாகத் தைத்து வைத்தேன். ஜன்னலுக்குக் கனமான திரை, வெயில் இருக்கும்போது திறந்து, பொழுது சாய்வதற்குள் மூடிவிட வேண்டும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன். ஹீட்டர் அவர் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வந்த புதிதில் இருப்பதிலேயே தடிமனான ஒரு கோட்டை வாங்கி, உள்ளே பருத்தி பனியனோடு போட்டுக்கொண்டு நடந்தேன். மேட்டில் வேகமாக ஏறினால் உள்ளே வியர்க்கும், நின்றால் அந்த ஈரம் முதுகில் ஐஸ் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டியிருந்தால் மேலே எவ்வளவு கனமான கோட் இருந்தும் பயன் இல்லை. இப்போது உள்ளே மெல்லிய கம்பளி, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், காற்றுக்குத் தடுப்பாக மேலே ஒன்று. மேடு ஏறும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடுகிறேன், வியர்த்த பிறகு கழற்றுவதில் அர்த்தம் இல்லை. இரண்டு சாக்ஸைத் திணித்துப் போட்டு ஷூவை இறுக்கியதும் தப்புதான், இறுகினால் ரத்தம் ஓடாது, ஓடாவிட்டால் கால் இன்னும் விறைக்கும். விறைத்த காலை அப்படியே ஹீட்டரின் முன்னால் நீட்டியது அதைவிடத் தப்பு. விரல்கள் சிவந்து தடித்து, ராத்திரியெல்லாம் அரிப்பு. குளிர்ந்த காலை மெல்லத்தான் சூடாக்க வேண்டும்.

இதை எல்லாம் சரிசெய்த பிறகும் மனசு ஏனோ கனமாகவே இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. எழுந்திருக்கும்போதும் இருட்டு. திரும்பி வந்ததே தவறோ என்று ஒரு நாளில் பத்துத் தடவை யோசித்தேன். குளிர்காலத்து வெளிச்சக் குறைவால் சிலருக்கு வரும் சோர்வை மருத்துவர் நார்மன் ரோசெந்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் 1984லேயே ஒரு தனி நோயாக விவரித்திருக்கிறார்கள். எனக்கு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, அப்படி இருந்திருந்தால் மருத்துவரிடம் போயிருப்பேன். எனக்கு உதவியது காலையில் வெளியே போனதுதான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும், மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே மூடாக்கு என்று பார்க்காமல் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன்.

அந்த நடை வேறு ஒரு வேலையும் செய்திருக்கிறது. 2013ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 17 பேரைப் பத்து நாள், தினமும் ஆறு மணி நேரம் வரை, 15, 16 டிகிரியில் உட்கார வைத்தார்கள். பத்து நாளில் அவர்களின் நடுக்கம் குறைந்தது, சூட்டை உண்டாக்குவதற்கென்றே உடம்பில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு முன்பைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தது, அதே குளிர் அவர்களுக்குக் குறைவாகத் தோன்றியது. நல்ல ஆரோக்கியமான இளவயதுக்காரர்களுக்கு நடந்தது அது, அம்மாவின் வயதுக்காரர்களிடம் முயன்று பார்க்கும் விஷயம் இல்லை. எனக்கு ஐந்தாவது வாரம் கழிந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. கேட்டைத் திறக்கும்போது இப்போதும் குளிர்கிறது, ஆனால் சுடவில்லை. என் அறை ஹீட்டரைப் படுக்கும்போது அணைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். அவள் இன்னும் வெளிநாட்டில்தான், அவள் ஊரிலும் வருஷம் முழுக்க வெயில். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தோம். "அங்கே குளிர் எப்படிம்மா?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்று தொடங்கிய அம்மா என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. மெல்ல எழுந்து அலமாரிக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பத்தொன்பது இருக்குடி" என்றார். "போன வருஷம் எவ்வளவு இருந்துச்சுன்னு நான் பார்க்கல."