நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்

கண்ணில் சுண்ணாம்பு பட்டுப் பார்வை போய்விட்டால், "யாராவது கண் தானம் குடுத்தா மாத்திரலாம்" என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். என் தம்பிக்கும் அதையேதான் சொன்னார்கள். வெள்ளையடிக்கிற வேலையில் கல் சுண்ணாம்பு நீற்றும்போது வலது கண்ணில் தெறித்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும் செய்தார்கள். சில மாதங்களிலேயே அதுவும் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் மதுரையில் பார்த்த டாக்டரம்மாதான் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். கருவிழியின் மேல் படலம் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்குமாம். அதற்கான செல்கள் கறுப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பிலிருந்து வருகின்றன. அந்த விளிம்பை லிம்பஸ் என்கிறார்கள். புதுப் புது செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் இருப்பது அங்கேதான். சுண்ணாம்பு விளிம்பையே பொசுக்கிவிட்டால் படலம் வளர வழியில்லை. வெள்ளை விழியின் சவ்வு ரத்தக்குழாய்களோடு கருவிழி மேல் ஏறிவிடும். தானமாக வந்த கருவிழியில் குறை இல்லை. ஆனால் அதன் நடுப்பகுதியை மட்டும்தான் வட்டமாக வெட்டி வைக்கிறார்கள். விளிம்பு அதில் வராது. அதனால்தான் தம்பிக்கு வைத்தது நிற்கவில்லை.

விளிம்பை எங்கிருந்து கொண்டு வருவது? அவனுடைய இடது கண்ணிலிருந்துதான். இதைக் கேட்டதும் அம்மா, "இருக்கிற ஒரு கண்ணுலயும் கை வைக்கணுமா?" என்று அழுதுவிட்டாள்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. 1989-இல் அமெரிக்காவில் கென்யன், செங் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் இந்த விளிம்பு மாற்று முறையை விவரித்தபோது, நல்ல கண்ணின் விளிம்பில் பெரிய பகுதியையே எடுக்க வேண்டியிருந்தது. 1997-இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழுவினர் ஒரு துணுக்கை மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் படலமாக வளர்த்து, இரண்டு நோயாளிகளுக்கு வைத்துக் காட்டினார்கள். அதிலிருந்து வந்த ஹோலோக்ளார் என்ற சிகிச்சை 2015-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. ஆனால் அப்படி வளர்க்கத் தனி ஆய்வகம் வேண்டும், செலவும் அதிகம். கூலி வேலை செய்கிறவர்களுக்கு அது எட்டுமா?

எட்டும்படி செய்தது ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை. வீரேந்தர் சங்க்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முறைக்கு ஸ்லெட் என்று பெயர். ஆய்வகமே தேவையில்லை, கண்ணே செல்களை வளர்த்துக்கொள்ளும். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீள அகலத்தில் ஒரு துணுக்கு எடுக்கிறார்கள். கெட்ட கண்ணில் ஏறியிருக்கும் சவ்வை உரித்து, பனிக்குடச் சவ்வை (கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் சவ்வு) ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதத்தால் ஆன பசையால் ஒட்டுகிறார்கள். துணுக்கைப் பத்துத் துண்டு போல நறுக்கி, நாற்று நடுகிற மாதிரி இடைவெளி விட்டு அதன் மேல் வைக்கிறார்கள். ஒளி உள்ளே போகும் நடுப்பகுதியில் மட்டும் துண்டு வைக்காமல் விட்டுவிடுவார்கள். மேலே ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸ். எல்லாம் ஒரே அறுவை சிகிச்சையில் முடிகிறது. சொந்த செல் என்பதால் உடம்பு ஏற்காது என்ற பயமும் இல்லை. 2016-இல் 125 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில் 76 சதவீதம் பேருக்குக் கருவிழியின் மேல்பரப்பு நிலைத்திருந்தது.

தம்பிக்கும் நிலைத்தது. சிவப்பு வடிந்து, ஏறியிருந்த வெள்ளை போய், கண்மணி வெளியே தெரிந்தபோது அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வலது கண்ணால் பஸ் போர்டு படிக்கிறான். உள்ளே இருக்கும் தழும்பால் சின்ன எழுத்து தெரிவதில்லை. மேல்பரப்பு உறுதியாக இருப்பதால் பின்னால் கருவிழி மாற்றினாலும் நிற்க வாய்ப்பு உண்டு என்கிறார் டாக்டரம்மா. இடது கண் பார்வை முன்பு போலவே இருக்கிறது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் தீரும் என்று வருகிற விளம்பரங்களை இதோடு சேர்த்துவிடாதீர்கள். இது ஒரு குறிப்பிட்ட பாதிப்புக்கான சிகிச்சை. சுண்ணாம்போ ஆசிடோ பட்டுக் கருவிழி மூடியிருந்தால், மாற்று அறுவைக்குச் சம்மதிக்கும் முன்பு விளிம்பு எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். பட்ட உடனே என்றால், கேள்வியெல்லாம் அப்புறம். முதலில் அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவுங்கள். மேல் இமைக்குள் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை ஆஸ்பத்திரியில் இமையைப் புரட்டி எடுக்க வேண்டும்.

இரண்டு கண்ணும் வெந்துபோனவர்களுக்கு எடுக்க நல்ல விளிம்பே இருக்காது. அவர்களுக்காக ஜப்பானில் கோஜி நிஷிதா குழுவினர் நோயாளியின் வாயின் உள்சவ்விலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து, நான்கு பேருக்குக் கண்ணில் வைத்து 2004-இல் வெளியிட்டார்கள். அதுவும் நம் ஊர் கூலிக்காரருக்கு எட்டும் விலைக்கு வர வேண்டும்.