‘ஏனையவை’ என்று ஒரு வரி

எங்கள் சபையின் வருடக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்து வைக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லாற்றுக்கும் கல்முனைக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டிய சின்னக் கிறிஸ்தவ சபை இது. பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஞாயிறு காணிக்கை, அறுவடைத் திருநாளில் தேங்காயும் பூசணிக்காயும் சாவலும் ஏலம் போன காசு, லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்புவது, இவ்வளவுதான் வரவு. செலவுப் பக்கத்தில் கரண்ட் பில், கூரை ஓடு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு பணிஸ்.

கடந்த வருடக் கணக்கில் செலவுப் பக்கத்தின் அடியில் ‘ஏனையவை’ என்று ஒரு வரி இருந்தது. ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. பொருளாளர் அண்ணனிடம் கேட்டேன். “அதுக்கு நான் பொறுப்பு தங்கச்சி” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. போதகர் ஐயாவிடம் விஷயத்தைச் சொல்லி, விளக்கம் கிடைத்த பிறகு கையெழுத்து வைக்கிறேன் என்றேன்.

ஆனால் கணக்கின் பிரதி நிர்வாகக் குழுவில் எல்லோர் கையிலும் இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதே வேப்பமரத்தடியில் கதை தொடங்கிவிட்டது. பொருளாளர் வந்தால் கதை நிற்கும், அவர் போனால் மறுபடி தொடங்கும். இரண்டு நாளில் ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைப் பற்றி என்று எல்லோருக்கும் விளங்கியது. அதை அந்த அண்ணனுக்குப் போட்டுக் காட்டியது அவருடைய பேத்தி.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சந்தேகம் வருகிறது? எனக்கு ஒரு காரணம் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையை அடித்துக்கொண்டு போன பிறகு, இந்தப் பக்கம் வந்த உதவிக்கு அளவில்லை. யாருக்கு வீடு, யாருக்குப் படகு, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கதை இன்றுவரைக்கும் முடியவில்லை. நேர்மையாக வேலை செய்தவர்களும் கணக்கை ஊருக்கு முன் வாசிக்காததால் சந்தேகத்தோடேயே வாழ்ந்து, அதோடேயே கண் மூடினார்கள். காசு என்றால் யாரோ எடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு எங்களுக்குள் அப்படித்தான் வேரோடியது.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். பொருளாளருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். குரல் பதிவைக் கேட்டவுடன் என்னைக் கூப்பிட்டார். “வா மகள், அவன்ட வீட்ட போவம். பின்னால நிண்டு கதைக்கிறது எனக்குச் சரிவராது” என்றார்.

பின்னேரம் போனோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த அண்ணன் எழும்பி நின்றார். ரீச்சர் கதிரையில் இருக்கவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றபடியே கேட்டார்: “தம்பி, நீ சபைக் காசில கை வச்சதெண்டு கதைக்கிறாங்க. நான் நம்பல்ல. ஆனா நம்பல்ல எண்டு வெளியில சொல்லுறதுக்கு எனக்கு உண்ட வாயால ஒரு சொல் வேணும். சொல்லு.”

அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளிலும் துண்டுகள் குத்தப்பட்டிருந்தன. பாமசிப் பில்கள், கொழும்புக்குப் போய்வந்த வானுக்குச் சாரதி நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்த துண்டு, அறை வாடகை, இடியப்பம் வாங்கிய கடைத் துண்டுகூட. திண்ணையில் இருந்து கூட்டிப் பார்த்தேன். சதம் பிசகவில்லை. எல்லாத் துண்டிலும் ஒரே நோயாளியின் பெயர். எங்கள் சபைப் பிள்ளை. என்ன வருத்தம் என்று இங்கே எழுத மாட்டேன். அது வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று அவர்கள் பயந்தார்கள். “ஒருத்தருக்கும் சொல்லாதீங்க” என்று அந்தத் தாய் அழுதிருக்கிறார். அண்ணனும் வாக்குக் கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டைக் கணக்கோடு வைத்தால் பெயர் வெளியாகும் என்று கொப்பியை வீட்டில் பூட்டி வைத்தார்.

ரீச்சர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். “நல்ல வேலை செய்திருக்காய் தம்பி. செய்த விதம்தான் பிழை. அவங்கட மானத்தக் காக்க நினைச்சாய், சரி. ஆனா நீ தனிய இதச் சுமந்ததால உண்ட பெயரும் கெட்டு, சபைட நம்பிக்கையும் கெட்டுப் போச்சு. இன்னும் ரெண்டு பேருக்கு எண்டாலும் சொல்லியிருக்கோணும்.” அண்ணன் அழுதார். பிறகு ஓம் என்று தலையாட்டினார்.

(இந்த இருவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டிருக்கிறேன்.)

ரீச்சர் சொன்னது வேதத்தில் அப்படியே இருக்கிறது. எருசலேமிலுள்ள ஏழைகளுக்காகப் பவுல் பல சபைகளில் காசு சேர்த்தபோது, அதைத் தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடுகூடச் சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டார். காரணத்தையும் கொரிந்தியருக்கு எழுதுகிறார்: “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்.” கடவுளுக்குத் தெரியும், அது போதும் என்று பவுலே நினைக்கவில்லை. குற்றச்சாட்டு வரட்டும், அப்போது பார்ப்போம் என்றும் இருக்கவில்லை. முதலே சாட்சி வைத்தார்.

எருசலேம் சபையிலும் இப்படி ஒன்று நடந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வருகிறது என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் “அன்பாயிருங்கள், இதையெல்லாம் பெரிதாக்காதீர்கள்” என்று வாயை அடைக்கவில்லை. எல்லோரையும் கூட்டி ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று அந்த ஏழு பெயரையும் பார்த்தால் எல்லாமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்து ஆட்களிடமே பங்கீட்டை நம்பிக் கொடுத்தார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

எங்கள் சபைகளில் கேள்வி கேட்கிறவரிடம் சொல்லும் முதல் வார்த்தை “அன்பு இல்லையா உங்களுக்கு?” என்பது. அடுத்தது “வெளியில தெரிஞ்சா சாட்சி கெட்டுப்போகும்.” இந்த இரண்டையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு முடிந்ததும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வரவு செலவை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். சந்தைக்குப் போகிற யாரும் நின்று வாசிக்கலாம். அதனால் அந்தக் கோயிலின் மதிப்பு குறைந்ததாக நான் அறியவில்லை. கேள்விக்கு இடமில்லாத வீட்டில் அன்பு இருக்கிறது என்று சொன்னால் என்னால் நம்ப முடியாது. அதே நேரம், கேள்வி கேட்கிற ஆள் எதிரே இல்லாதபோது கேட்கும் கேள்வியையும் நான் நேர்மை என்று சொல்ல மாட்டேன். மத்தேயு 18இல் இயேசு சொன்ன முதல் படி, “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்பது. ரீச்சர் அந்தப் படியில் ஏறினார். வேப்பமரத்தடியில் நின்ற யாரும் ஏறவில்லை.

நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். 1814இல் இலங்கைக்கு வந்த மிஷனரிகளின் வழி வந்தவர்கள். 1742இல் பிரிஸ்டலில் ஜெபக் கட்டடத்துக்கான கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கலாம் என்று பேசினார்கள். ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சேர்க்க வேண்டும். போனபோதுதான் யார் வீட்டில் என்ன கஷ்டம், யார் குடிக்கிறார், யார் தளர்ந்து போயிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதையே பிடித்து, சிறு குழுக்களாகக் கூடும் வகுப்புக் கூட்டங்களாக ஆக்கினார். காசுக் கணக்கும் ஆத்துமாவின் கணக்கும் ஒரே வாசற்படியில்தான் தொடங்கின. எங்களுக்கு இந்த முதுசம் இருந்தும் ஒருவர் மனதிலுள்ளதை ஒருவர் அறியாமல் ஒரே வாங்கில் இருபது வருடம் இருக்கிறோம்.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கணக்கில் ‘ஏனையவை’ இல்லை, ‘இரகசிய உதவி’ என்று ஒரு வரி. தொகை பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். பெயர் போதகர், பொருளாளர், பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் ஆகிய மூவருக்கு மட்டும் தெரியும். பற்றுச்சீட்டில் பெயரை மூடி நான் தொகையைப் பார்ப்பேன். அந்தத் தாயிடமும் முதலில் கேட்டோம். சம்மதித்தார். பொதுக்கூட்டத்தில் அண்ணன் எழும்பி, பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னார். சிலர் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

குரல் பதிவு போட்டவர் அன்று வரவில்லை. இப்போது ஆராதனைக்கு வருவதும் குறைவு. வந்தாலும் சிலர் முகம் கொடுப்பதில்லை. இது எனக்குப் பெரிய வேதனை. அவர் கேட்டது சரியான கேள்வி. பற்றுச்சீட்டு இல்லாத தொகையைப் பற்றி ஒரு சபையார் கேட்கத்தான் வேண்டும். கேட்ட இடம் பிழை என்று அவருக்கு யாரும் நேரில் சொல்லவில்லை, அவரைப் பற்றி வேப்பமரத்தடியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதை ரீச்சரிடம் சொன்னேன். “அப்ப மறுகா என்ன, அவர்ட வீட்டயும் போவம்” என்றார். வரும் சனிக்கிழமை பின்னேரம் போகிறோம். பொருளாளர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.