குணமாகாத நோயோடு ஜெபிக்கக் கற்றது

திருநெல்வேலிப் பகுதியில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விசுவாசம் பெரும்பாலும் யோசித்து எடுத்த முடிவாக வருவதில்லை. ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், ஸ்தோத்திரப் பண்டிகை, சபையார் கூடி உண்ணும் அசனம், புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கையில் கிடைக்கும், வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை என்று வீட்டு வழக்கத்தோடு வழக்கமாகக் கலந்தே அது வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பள்ளி ஆசிரியையாகப் பணியும், ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் ஓர் இடமுமாக நாட்கள் போய்க்கொண்டிருந்த வேளையில், வெளியே எந்த அறிகுறியும் காட்டாத இரத்த அழுத்தம் என் சிறுநீரகங்கள் இரண்டையும் கெடுத்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை விசுவாசத்தில் எது என்னோடு நின்றது, எது நிற்கவில்லை என்பதை, இதே பாதையில் புதிதாக வந்து சேர்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

டயாலிசிஸ் என்ற சொல்லை அறியாதவர்கள் இன்று இல்லை. ஆனால் அது வாரத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறது என்பது அதில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி; ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலில் கழுத்தில் குழாய் வைத்து இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். பிறகு இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டு, அது தடித்து ஊசியைத் தாங்கும் நிலைக்கு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் கையில் வளையல் கூடாது, எடை தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. இளநீர், வாழைப்பழம், கீரை, தக்காளி என்று உடம்புக்கு நல்லது என இதுநாள்வரை நம்பியவை எல்லாம், பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்ற காரணத்தால் விலக்கப்பட்டவை ஆயின. இவை அனைத்திலும் கொடியது தாகம். ரசம், தேநீர், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டருக்குள் அடங்க வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில் சித்திரை மாதத்திலும் அதே அளவுதான்.

வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பு முடிந்தால் அடுத்தது திங்கட்கிழமைதான் என்பதால், இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வாரத்தின் மிகக் கனமான நாள். உடம்பில் நீர் சேர்ந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்படியிருக்க, ஆராதனை நடப்பதோ அந்த நாளில்தான். பாமாலையின் நீண்ட அடிகளுக்கு மூச்சு போதாமல் பாடகர் குழுவிலிருந்து விலகி, வாசலை ஒட்டிய கடைசி இருக்கைக்கு வந்தேன். பாட முடியாதவளாக ஆலயத்தில் உட்கார்ந்திருப்பது, நோயைவிடப் பெரிய இழப்பாகத் தொடக்கத்தில் எனக்குப் பட்டது.

சபையார் அன்போடு வந்தார்கள். வந்தவர்கள் கையில் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் இளநீரும் இருந்தன. (ஒரு டயாலிசிஸ் நோயாளியின் வீட்டில் அந்த மாதம் எவரெவரெல்லாம் ஹார்லிக்ஸ் குடித்து உடம்பு தேறினார்கள் என்பது தனிக்கதை.) அவர்கள் வசனங்களையும் கொண்டுவந்தார்கள். தழும்புகளால் குணமாகிறோம் என்பதும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்பதும் என் படுக்கையருகே பலமுறை சொல்லப்பட்டன. நல்ல வசனங்கள்தாம்; ஆனால் மாதங்கள் சென்றும் சிறுநீரகம் திரும்பாதபோது, அவற்றைச் சொன்னவர்களின் பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று ஒருவர் கேட்டார். வேறு ஊரிலிருந்து வந்து ஜெபித்த ஊழியர் ஒருவர், உண்மையான விசுவாசம் இருந்தால் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தேவனை மட்டும் நம்பும்படி சொன்னார். என் கணவர் அவரைக் கைகூப்பி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்தார். டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலோர் நாட்கணக்கிலோ சில வாரங்களிலோ இறந்துபோவார்கள் என்பதால், இதில் மென்மையாகப் பேச எனக்கு விருப்பமில்லை: அப்படிச் சொல்பவரின் பேச்சை எவரும் கேட்க வேண்டாம்.

வேதத்தை ஒழுங்காக வாசித்தாலே இந்தப் போதனை நிற்காது. எத்தனையோ பேரைக் குணமாக்கிய பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதே தீமோத்தேயுவின் வயிற்று வலிக்கு அவர் சொன்னது உபவாசத்தை அல்ல, கொஞ்சம் திராட்சரசத்தை. எசேக்கியா ராஜா பதினைந்து ஆண்டு ஆயுளை வாக்குத்தத்தமாகப் பெற்ற பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். இவற்றைத் தேடி எடுத்துத் தந்தவர் எங்கள் சபைப் போதகரான சேகர ஐயர்தான். மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்று எண்ணி நான் குழம்பிக்கொண்டிருந்த வாரத்தில், அவர் நீண்ட ஜெபம் எதுவும் செய்யாமல் இந்த மூன்று இடங்களையும் ஒரு தாளில் குறித்துத் தந்துவிட்டுப் போனார்.

ஆனாலும் ஜெபம் வரவில்லை. சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பதையே சிறுவயதிலிருந்து பழகிய எனக்கு, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஸ்தோத்திரம் என்று தொடங்கினால் பொய் சொல்வதுபோல் இருந்தது. அப்போதுதான் தாத்தாவின் பழைய ஜெபப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முறைப்படி, வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களும் மாதத்தின் 30 நாட்களுக்கு, காலைக்கும் மாலைக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. மனநிலைக்கு ஏற்றதைத் தேடி எடுக்கும் வேலை அதில் இல்லை. அன்றைய நாளுக்கு உரியதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒழுங்கின்படி 17ஆம் நாள் காலையில் 86, 87, 88 ஆகிய சங்கீதங்கள் வருகின்றன.

88ஆம் சங்கீதத்தை அதற்குமுன் நான் முழுமையாக வாசித்ததே இல்லை என்று நினைக்கிறேன். வாக்குத்தத்த அட்டையில் அச்சிடத் தகுந்த வரி அதில் கிடைப்பது அரிது. புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எவ்வளவு அழுதாலும் கடைசியில் ஒரு நன்றியிலோ நம்பிக்கையிலோ வந்து முடியும். இது அப்படி முடிவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளில் நின்றுவிடுகிறது. பதில் வரவில்லை. ஆயினும் அதைப் பாடியவர் தம் குற்றச்சாட்டை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் தேவனிடமே சொல்கிறார். முதல் வரியில் அவரை என் இரட்சிப்பின் தேவன் என்றும் அழைத்துவிடுகிறார். இப்படி ஒரு முறையீட்டுக்கு வேதத்தில் இடம் இருக்கிறது என்பதும், அதை மாதந்தோறும் சபை வாசிக்க வேண்டும் என்று முன்னோர் ஏற்படுத்தினார்கள் என்பதும், பெரிய வெள்ளி மாலைக்கும் இதே சங்கீதத்தைக் குறித்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு எந்த ஆறுதல் வசனமும் தராத நிம்மதியைத் தந்தன. அன்றிலிருந்து எனக்கு வார்த்தை இல்லாத நாட்களில் புத்தகத்தின் வார்த்தைகளைச் சொல்கிறேன். மனம் அதில் ஒட்டாத நாட்களும் உண்டு. ஒட்டாமலே வாசித்து முடிப்பேன்.

வேதத்தில் பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவின் நண்பர்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் குறையாகவே கேட்டிருக்கிறோம். உண்மையில் அவர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எனக்கும் அப்படி உட்கார ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற உபதேசியாரின் மனைவி, நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று அழைப்பவர். காய்கறியைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறைய தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்த பிறகே நான் சாப்பிடலாம் என்பதை மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் அவரே நேரில் போய்க் கேட்டு வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையிலேயே வந்து, சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்து, பூசணியையும் புடலையையும் நறுக்கி ஊறப்போட்டுவிட்டு, அது ஊறும் நேரமெல்லாம் என் பக்கத்தில் சும்மா இருப்பார். "ருசி எல்லாம் தண்ணியோட போயிருது, என்ன செய்ய" என்று ஒருநாள் சொன்னார். என் நோயைக் குறித்து அவர் சொன்ன விளக்கம் அது ஒன்றுதான்.

பெரிய வெள்ளியும் எனக்கு டயாலிசிஸ் நாளே. மதியம் 12 மணி முதல் 3 மணிவரை ஆலயத்தில் மும்மணி தியானம் நடக்கும்போது, 11 மணிக்குத் தொடங்கும் சுற்றில் நான் ஊசியோடு படுத்திருப்பேன். நோய் வந்த பின் முதல் பெரிய வெள்ளியன்று, அடுத்த படுக்கையில் இருந்த அக்கா, அம்மன் கோயிலுக்கு விளக்குப் பூசை தவறாத குடும்பத்தவர், "டீச்சர், இன்னைக்கு உங்களுக்குப் பெரிய நாளாச்சே, என்ன படிக்கிறீங்க, சத்தமாத்தான் படிங்களேன்" என்றார். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் சுவிசேஷங்களிலிருந்து வரிசையாக வாசித்தேன். ஐந்தாவது வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்." காடியில் தோய்த்த கடற்காளானை அவர் வாயினிடத்தில் நீட்டினார்கள் என்று வாசித்தபோது அக்கா தலையைத் திருப்பி, "தண்ணி கேட்டவருக்குக் காடியா? நமக்காவது நர்ஸ் ஐஸ்கட்டி தருது" என்றார். வார்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், நானும்தான். எத்தனையோ ஆண்டுகள் அந்த ஐந்தாம் வார்த்தைக்குப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆத்துமாக்களுக்கான தாகம் என்றுதான் அநேகமாக விளக்குவார்கள். அதில் தவறில்லை, ஆனால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்ட நாளில் எனக்கு வேண்டியிருந்தவர், வெறும் தண்ணீருக்காகவும் தாகமாயிருந்த கிறிஸ்து.

எங்கள் மாவட்டத்தில் களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூரில் பணிசெய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிச் சிறுவயதில் குழந்தைகளை மீட்டவர் என்று மட்டுமே கற்றிருந்தேன். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே அவர் வலியோடு வாழ்ந்தார் என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவாக இருந்திருக்க முடியாது. விசுவாசம் குறைந்ததால் குணமாகவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இப்போது மாற்றுச் சிறுநீரகத்துக்காக அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்கிறேன். என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவர் தர இயலாது. இந்தக் காத்திருப்பில் ஜெபம் மறுபடியும் சிக்கலாகிவிட்டது. மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்துதான் அந்தச் சிறுநீரகம் வர வேண்டும். விரைவில் கிடைக்க வேண்டும் என்று வேண்டினால், யாரோ ஒரு வீட்டில் விபத்து நடக்க வேண்டும் என்று வேண்டுவதாக ஆகிவிடுமோ என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். நான் ஐயரிடம் கேட்டேன். மரணத்தைக் கேட்பதும், மரணம் நேர்ந்த வீட்டில் ஈகைக்கான மனம் பிறக்க வேண்டுமென்று கேட்பதும் ஒன்றல்ல என்றார். அது எனக்குப் பாதிதான் சமாதானம் தந்தது. மகளுக்கு அதுவும் தரவில்லை. அவள் குடும்ப ஜெபத்தில் சங்கீதம் வாசிக்கிறாள், கர்த்தருடைய ஜெபத்தில் சேர்ந்துகொள்கிறாள், சிறுநீரகத்துக்காக மட்டும் ஜெபிப்பதில்லை. நாங்கள் வற்புறுத்துவதில்லை.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு எந்த நேரமும் வரலாம் என்பதால், கைபேசியை அணைக்கக் கூடாது என்றும் மருத்துவ அறிக்கைகளை ஒரே பையில் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பை தயாராக இருக்கிறது. அழைப்பு வந்தால் சபையாருக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பைப் பெரியம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். அதில் என் பெயருக்கு முன்னால், பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கும்படி எழுத வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.