கிளைச்சாலைகளில் ஒரு பைக் பயணம்

நெடுஞ்சாலையில் போனால் மதியத்துக்குள் சென்று சேர்ந்துவிடலாம் என்று வரைபடச் செயலி திரும்பத் திரும்பச் சொல்லியும், நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதியை இயக்கிவிட்டு, நண்பரும் நானும் ஆளுக்கொரு பைக்கில் கிராமங்களுக்கு இடையே ஓடும் கிளைச்சாலைகளையே பிடித்துச் சென்றோம். தார்ச்சாலை, சரளைச் சாலை, டிராக்டர் மட்டுமே போய்வரும் வண்டித்தடம் எல்லாம் வரைபடத்தில் ஒரே மெல்லிய கோடுதான்; எது எது என்பது முன்சக்கரம் அதில் ஏறும்போதுதான் தெரியும்.

தொடக்கத்தில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள தார்ச்சாலை. எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி நின்ற ஓரிடத்தில், மழைநீர் அரித்த விளிம்பில் சாலையின் உட்புறம் தெரிந்தது: மேலே விரல் கனத்துக்குத் தார், கீழே உடைகல், அதற்கும் கீழே வெறும் மண். சிறு உடைகற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, நீரை இருபுறமும் வடியவிடும் முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லவுடன் மெக்காடம். அன்று அதில் தார் கிடையாது. தார்க் கலவைக்கு எட்கர் ஹூலி காப்புரிமை பெற்றது 1902இல்தான். நீர் வடிவதற்கான அந்த நடுமேடு பைக் ஓட்டுபவருக்கு அவ்வளவு நல்லதல்ல. வளைவின் வெளிப்பாதியில் போகும்போது சாலை வெளிப்புறமாகச் சரிந்திருப்பதால், நெடுஞ்சாலையில் சாதாரணமாகத் திரும்பும் வேகம்கூட இங்கே அதிகம். போதாக்குறைக்கு, கார்ச் சக்கரங்கள் ஒதுக்கித் தள்ளிய ஜல்லி நடுவிலும் ஓரத்திலும் குவிந்து கிடக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, சக்கரத்தடம் விழுந்த சுத்தமான பகுதியிலேயே திரும்பினோம்.

தார் முடிந்து சரளை தொடங்கியதும் பயணத்தின் நிறமே மாறியது. சாலைக்குக் குறுக்கே வரிவரியாக, ஓட்டுக்கூரையைப் போல மேடும் பள்ளமுமாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த நண்பர் இரண்டாகவும் மூன்றாகவும் தெரிந்தார், உள்ளங்கைகள் மரத்துப்போயின. இந்த வரிகளை யாரும் போடுவதில்லை, வண்டிகளே உண்டாக்குகின்றன. ஒரு சிறு மேட்டில் எகிறிய சக்கரம், சற்றுத் தள்ளி விழுந்து பள்ளம் பறிக்க, அடுத்த சக்கரம் அங்கே மறுபடி எகிறுகிறது. 1960களில் இதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய கீத் மேதர், சக்கரம் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலே வரிகள் எழுவதைக் கண்டார். அதற்குக் கீழே எல்லோரும் ஓட்டினால் சாலை வழவழப்பாகவே இருக்குமாம். ஆனால் அந்த வேகத்தில் போவதற்குப் பைக் எதற்கு?

காற்றழுத்தத்தைக் குறைத்தால் அதிர்வு தணியும் என்றார் நண்பர். மறுபடி தார்ச்சாலை வரவிருந்ததாலும், காற்றடிக்கும் பம்பு கையில் இல்லாததாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்தபோது, அதிர்வை உடலுக்கு முன்பே கால்கள் வாங்கிக்கொண்டன. முன்சக்கரம் தன் போக்கில் சற்று நெளிந்தாலும், அதை அடக்கப் பார்க்காதவரை வண்டி நேராகத்தான் போகிறது.

தொல்லை தந்தது தூசிதான். எனக்குப் பின்னால் எழுந்த தூசியில் பள்ளமே தெரியவில்லை என்று நண்பர் வெகுதூரம் பின்தங்கிவிட, ஒவ்வொரு பிரிவிலும் அவருக்காக நின்றேன். அப்படி நின்ற ஓரிடத்தில் மாடு ஓட்டி வந்த முதியவர், ஓடையைத் தாண்டும் குறுக்குவழி இரண்டு நாளாக நீரில் மூழ்கிக் கிடப்பதாகச் சொன்னார். செயலி அந்த வழியைத்தான் காட்டியது. நாங்கள் முதியவரின் பேச்சைக் கேட்டு, சிறுபாலம் இருக்கும் மேட்டு வழியைச் சுற்றிக்கொண்டு போனோம்.

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டபின் ஏர் ஃபில்டர்களைக் கழற்றிப் பார்த்தோம். என்னுடையதில் லேசான தூசி. நண்பருடையதைத் தட்டியபோது கைநிறையச் செம்மண் கொட்டியது. மறுநாள் சரளைச் சாலையில் அவர்தான் முன்னால் போவது என்று அங்கேயே முடிவாயிற்று.