"பார்க்க நல்லாத்தானே இருக்கான்?" – ஓகேயு அட்டைக்கு நாங்கள் அலைந்த கதை

தங்கை மகனுக்கு ஓகேயு அட்டை, அதாவது மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் தரும் அட்டை, கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அதற்கு ஏழு மாதம் அலைந்தேன், ஒன்பது நாள் சம்பளம் போனது. அட்டைக்குக் கட்டணமே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் கெடாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் டவுனிலிருந்து ஜேகேஎம் (சமூகநலத் துறை) ஆபீசுக்கு ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும், ஆஸ்பத்திரி அதற்கு நேர் எதிர்த்திசையில்.

பையனுக்கு ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்து என்னிடம்தான் வளர்கிறான். வாய் ஓயாது. கோயில் கமிட்டித் தலைவரையே நிறுத்தி வைத்துக் கதை பேசுவான். ஆனால் இன்றைக்குத் தெரிந்த மூன்றாம் வாய்ப்பாடு நாளைக்கு இருக்காது, நாளன்றைக்குத் திடீரென்று வந்து நிற்கும். "பையைத் திற, கணக்குப் புத்தகம் எடு, பன்னிரண்டாம் பக்கம்" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பையைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பான். பள்ளியில் அவனுக்கு இரண்டு பெயர்: சோம்பேறி, பொய்க்காரன். தெரியாததை நடந்தது போலவே சொல்வதும் இந்தப் பாதிப்பில் ஒன்று என்று டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்கு முன் நானும் அவனை அடித்திருக்கிறேன்.

கிளினிக்கில் கடிதம் வாங்கியது, பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது எல்லாம் தாமதம் தவிர வேறு தொல்லை இல்லை. குழந்தை நல நிபுணர் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை அவன் கண்ணோரம் வைத்துக் கண்ணின் நீளத்தை அளந்தார். "எனக்குக் கண்ணாடி போடப்போறீங்களா?" என்று கேட்டான். மேல் உதடு மெல்லிசு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய பள்ளம் இல்லை, ஆனால் கண்ணின் அளவு சரியாக இருக்கிறது என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "இவன் வயிற்றில் இருந்தபோது அம்மா மது குடித்தாரா?" என்று கேட்டார். எஃப்ஏஎஸ்டி என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். தாய் குடித்த மது கருவிலேயே பிள்ளையின் மூளையைப் பாதிப்பது. 1973லேயே அமெரிக்காவில் இதன் கடுமையான வடிவத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை, சம்சு என்ற மலிவுச் சாராயம் மட்டும் தவறாமல் வந்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. முகத்தில் அந்த மூன்று அடையாளமும் சேர்ந்து இருந்தால், குடித்ததற்கு உறுதி இல்லாமலே டாக்டரால் முடிவுக்கு வர முடியும். இவனைப் போல் அரைகுறையாக இருந்தால் யாராவது சொல்ல வேண்டும். தங்கையின் கர்ப்பகாலப் பிங்க் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எடை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. குடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பக்கத்தில் புருஷனை வைத்துக்கொண்டு அவள் சொல்லியிருக்கவா போகிறாள்?

ஜொகூர் பாருவில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போனில் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். ராத்திரி பஸ் ஏறி வந்து, முகம்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போனதும் டாக்டர் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள்: நாலாம் மாதம் வரை கர்ப்பம் என்றே தெரியாது, தெரிந்த பிறகும் விடவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவள் விரல் வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். அந்த மனிதருக்குப் புண்ணியம்.

இனி ஆபீஸ் கதை. முதல் தடவை கவுண்டரில் இருந்த பெண் பாரத்தைப் பார்த்துவிட்டு, "டாக் அடா டாலாம் செனாராய், கக்" என்றார். பட்டியலில் இல்லையாம். ஓகேயு பதிவில் ஏழு பிரிவுகள்தான், நோயின் பெயரைத் தேடினால் கிடைக்காது. இவனுக்குப் பொருந்துவது கற்றல் குறைபாட்டுப் பிரிவு, மலாயில் மஸாலாஹ் பெம்பெலாஜாரான். டாக்டர் பாரத்தில் எஃப்ஏஎஸ்டி என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்தில் குறி போட மறந்திருக்கிறார். நானும் பார்க்கவில்லை. திரும்பிப் போனோம்.

இரண்டாம் தடவை குறி இருந்தது, டாக்டரின் சாப்பு (முத்திரை) இல்லை. கையெழுத்துக்குக் கீழே சாப்பு இல்லாவிட்டால் வாங்கமாட்டார்களாம். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம் இல்லையா? அந்தக் கவுண்டர் பெண் அதோடு விடவில்லை. இவனிடம் பேர் கேட்டார், பள்ளி கேட்டார், இவனும் மலாயில் அழகாகப் பதில் சொன்னான். "பார்க்க நல்லாத்தானே இருக்கான்?" என்றார். அப்புறம் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அம்மா ரொம்பக் குடிப்பாரா என்றார். பின்னால் இருந்த இரண்டு பேர் நம் ஆட்கள்தான். தங்கை அன்றைக்குக் கூட வராதது நல்லதாகப் போயிற்று.

அன்று ராத்திரி 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதில் நோய்ப் பட்டியலே கிடையாது. நீண்டகால உடல், மன, அறிவு, புலன் குறைபாடு, அது தடைகளோடு சேர்ந்து ஒருவர் சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுப்பதைத் தடுப்பது, இதுதான் கணக்கு. அம்மா என்ன செய்தாள் என்பது எங்கேயும் இல்லை. மூன்றாம் தடவை போகுமுன் டாக்டரிடம் இரண்டு கடிதமாகக் கேட்டு வாங்கினேன். தங்கை சொன்னது ஆஸ்பத்திரிக் கோப்புக்குள் இருக்கட்டும். ஆபீசுக்கும் பள்ளிக்கும் காட்டுகிற கடிதத்தில் இவனால் என்ன முடியும், என்ன முடியாது, என்ன உதவி வேண்டும் என்பது மட்டும். யாராவது இதே அலைச்சலில் இருந்தால் இதை முதல் நாளே கேளுங்கள். அதே பெண் மறுபடியும் வாயைத் திறந்தார். "அது டாக்டர் கோப்பில் இருக்கிறது, இந்தப் பாரத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தால் காட்டுங்கள்" என்றேன். தேடினார், பக்கத்தைத் திருப்பினார், வாங்கிக்கொண்டார். ஏழு மாதத்தில் நான் நிம்மதியாக டீ குடித்தது அன்றைக்குத்தான்.

பள்ளி விஷயம் பாதியில் நிற்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. பக்கத்து டவுனில் மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளியில் இருக்கிறது. முதல் மூன்று மாதம் சேர்த்துப் பார்ப்பார்கள், இடம் உறுதியானால் மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை. தமிழை விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதுவரைக்கும் இப்போதைய வாத்தியாரிடம் அதே சட்டத்தின் 28ஆவது பிரிவைக் காட்டினேன். கற்பிக்கும் முறையிலும் பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்து தரவேண்டும் என்கிறது. மீறினால் தண்டனை இல்லாத சட்டம்தான், இருந்தாலும் அச்சில் பார்த்ததும் மனிதர் இறங்கி வந்தார். இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறார். மேசையில் புத்தகம், பென்சில், மணி என்று மூன்று படம் ஒட்டியிருக்கிறார். பையன் நாலாவதாக ஒரு கோழிக்குஞ்சு வரைந்து ஒட்டியிருக்கிறான், ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று, கவுண்டரில் எதைக் கொடுத்தாலும் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கு வந்து எடுத்துக்குங்க கக்" என்ற பேச்சை நம்பி வந்தேன். என் டாக்டர் கடிதம் இன்னும் அந்த டிராயரில்தான் கிடக்கிறது.