பெயர் சொல்லாமல் ஒரு பணி நிறைவு விழா

குற்ற வழக்கில் சிக்கும் சிறுவர்களைக் கண்காணித்து வழிநடத்தும் எங்கள் மாவட்டத்து நன்னடத்தை அலுவலர் மேடம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், அடுத்த ஆண்டே 60 ஆகவும் உயர்ந்ததால்தான் அவர் எங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தார். நான் அதே அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்). விழா ஏற்பாடு என் தலையில் விழுந்தது. இதுபோன்ற வேலையில் இருப்பவருக்கு விழா எடுக்க நினைக்கும் யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதல் சிக்கல், மேடையில் என்ன சொல்வது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவரிடம் படித்த டாக்டரையும் தாசில்தாரையும் மேடையேற்றலாம். ‘சட்டத்துடன் முரண்பட்டவர்கள்’ என்று சட்டம் அழைக்கும் இந்தச் சிறுவர்களோடு பணியாற்றியவருக்கு யாரை ஏற்றுவது? இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு அந்தக் குழந்தைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 24ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே. சில கொடுங்குற்ற வழக்குகள் தவிர மற்றவற்றில், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு ஆவணங்களையே அழித்துவிட வேண்டும். ஒழுங்காக வேலை செய்திருந்தால் காட்டுவதற்கு ஒரு கோப்புகூட மிஞ்சாது.

உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர், ‘மேடத்தால் திருந்திய பையன்’ ஒருவனைப் பேட்டிக்குக் கேட்டார். முகத்தை மங்கலாக்கிப் போடுவாராம். எங்கள் ஊரில் தெருவும் சட்டையும் போதும், ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். மறுத்துவிட்டோம்.

பழைய பையன்களை அழைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பதிவேட்டில் எண் தேடி நாங்களாகக் கூப்பிடுவது தப்பு. கல்யாணம் முடித்து எங்கோ குடியிருப்பவன் வீட்டில் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தால், அதற்கு அவன்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பொங்கலுக்கும் பிள்ளை பிறந்தாலும் தாங்களாகவே மேடத்தைக் கூப்பிடுகிறவர்களிடம் மட்டும் அவரே சொல்வதென்று முடிவானது. அழைப்பிதழில் அவர் பெயர், மண்டபம், நேரம் மட்டும் போட்டோம். துறைப் பெயரும் பதவியும் இல்லை. அச்சகக்காரருக்கு அது பெரிய குறை. “அரசு முத்திரைகூட வேண்டாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இடத்தையும் மாற்றினோம். கலெக்டர் அலுவலக வளாகத்துக்குப் போலீஸ்காரரோடு வந்து போனவன் எவனும் விருந்துக்கு அங்கே வரமாட்டான். காலையில் அலுவலகத்தில் பொன்னாடை, மாலை, வாழ்த்து மடல் (எதுகை மோனை நிறைய, விஷயம் குறைவு). மாலையில் தெரிந்தவர் ஒருவரின் சிறிய மண்டபத்தில் சாப்பாடு. ஓய்வு பெறுபவருக்கு நடக்கும் தனிப்பட்ட, எளிமையான பிரிவு விருந்துக்கு நடத்தை விதிகள் இடம் தருகின்றன. ஆனாலும் மேலதிகாரிக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் வைத்துவிடுங்கள். மோதிரம் போடும் யோசனையை மேடமே நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் மேடத்தைப் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. ஓய்வூதியக் கருத்துரு, நிலுவையின்மைச் சான்று எல்லாவற்றையும் எழுத்தரிடம் தள்ளிவிட்டு, பொறுப்பேற்கப்போகும் புது அலுவலரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சில நாள் நானும் கூடப் போனேன். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ, கணினி, முத்திரை எல்லாம் வரும். அவர் ஒப்படைத்தது வேறு.

“ஜீப்பை மெயின் ரோட்டிலேயே விட்டுடுங்க. டீக்கடையில பையன் பேரைச் சொல்லி வழி கேக்காதீங்க, ரேஷன் கடை எங்கன்னு கேளுங்க, அதுக்கு எதிர்ச் சந்துதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இந்த வீட்டுக்குப் போகாதீங்க, அப்பா குடிச்சிருப்பாரு, நாம வந்த கோபத்தைப் பையன் மேல காட்டுவாரு.” சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பையன் முதல் முறை வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள், அவன் வீட்டுச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத் தர வேண்டும் என்பது சட்டம். அந்த அவசரத்தில் பலர் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு எழுதிவிடுவார்கள். மேடம் பாட்டியைத் தேடுவார். வீட்டில் உண்மை பேசுகிற ஒரே ஆள் பாட்டிதான் என்பது அவர் கணக்கு. விசாரணை முடியும்வரை பையன்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது, பையன்களை மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். பார்க்கப் போகும் அம்மாவின் ஒரு நாள் கூலி போய்விடும். எந்த அம்மாவுக்கு எந்தக் கிழமை வேலை இருக்காது என்பது அவருக்கு மனப்பாடம். புது அலுவலர் இரண்டு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டார். ஒரு முழுப் பணிக்காலத்தின் பலன் அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது என்பேன், வாழ்த்து மடலில் இல்லை.

மாலை விருந்தில் செல்போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்தோம். முணுமுணுப்பு இருந்தது, சமாளித்தோம். உள்ளே யார் சொந்தக்காரர், யார் அலுவலக ஆள், யார் பழைய பையன் என்று எவரும் கேட்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஏசி மெக்கானிக் ஒருவர் மனைவி, குழந்தையோடு வந்திருந்தார். “நான் பேசலாமாக்கா?” என்றார். வீட்டில் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். “இவளுக்குத் தெரியும். மாமனாருக்குத்தான் தெரியாது, அவரைக் கூட்டிட்டு வரல” என்றார். மைக் வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே பேசினார். என்ன வழக்கு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கையெழுத்துப் போட வரும்போதும் மேடம் முதலில் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பார், பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்றார். மேடம் குறுக்கிட்டு, “நீ ஒரு தடவைகூட உண்மை சொன்னதில்லடா” என்றதும் மண்டபம் சிரித்தது. வேறு பேச்சாளர் யாரும் தேவைப்படவில்லை. வர முடியாத சிலர் எழுதிக் கொடுத்தனுப்பியதை ஒட்டிய உறையிலேயே அவரிடம் கொடுத்தோம். நாங்கள் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் ஜீப் டிரைவர் அண்ணன் ஓய்வு பெறுகிறார். இப்போதே சொல்லிவிட்டார்: “எனக்கு இந்த ரகசியமெல்லாம் வேண்டாம் தங்கச்சி. பஸ் ஸ்டாண்ட்ல ஃபிளெக்ஸ், வீடு வரைக்கும் மேளம், மட்டன் பிரியாணி.”