தர்பூசணி: மூன்றாவது காயில்தான் பிடிபட்டது

நேற்று சாயங்காலம் மூன்றாவது காயை அறுத்தேன். கத்தி பாதி இறங்குவதற்குள் சடசடவென்று தானே விரிந்துவிட்டது. உள்ளே நல்ல சிவப்பு, கறுகறுவென்று விதை. முதல் இரண்டு காயில் பட்ட அவமானம் இதோடு தீர்ந்தது.

ரகம் சுகர் பேபி. பொங்கல் கழிந்து மொட்டை மாடியில் போட்ட விதை. மண் கலவை, சிவப்பு வண்டு, காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குத் தகராறு பறிக்கும் நாளில்தான். மாங்காய் மாதிரி வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கிற சங்கதி இல்லை இது. காம்பை வெட்டிய அன்று என்ன இனிப்போ அதுதான்.

முதல் காயைத் தட்டிப் பார்த்துப் பறித்தேன். எங்கள் தெருமுனையில் திண்டிவனம் பழம் இறக்கி விற்பவர் இரண்டு தட்டு தட்டிச் சரியாக எடுத்துக் கொடுப்பார். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குவியலே இருக்கிறது, என்னிடம் இருந்தது நாலே காய். காய் என்றால் 'டங்', பழம் என்றால் 'பொத்'. எனக்கு எல்லாமே 'பொத்'. பெண் பூவில் தடவியதிலிருந்து எண்ணி 26ஆம் நாள் அறுத்தால் உள்ளே வெள்ளரிக்காய்! அம்மா பேசாமல் கூட்டு வைத்துவிட்டார்.

அடிப்பக்கத் திட்டு வெண்ணெய் நிறத்துக்கு வந்தால் பழம் என்பார்கள். நானோ பந்தலில் ஏற்றி, பழைய புடவையில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தரையே படாத காயில் திட்டு எங்கே தேடுவது?

மிச்சம் இருந்தது பற்றுக்கம்பி, அதாவது கொடி பிடித்து ஏறுவதற்காகக் கணுவில் சுருண்டு வளரும் இழை. அது காய்ந்தால் பறிக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறோம், எந்தக் கம்பி என்று யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டாவது காயில் நான் பார்த்தது வேர்ப்பக்கமாக இரண்டு கணு தள்ளி இருந்த கம்பி. அது வயதானது, முன்னாலேயே காயத்தான் செய்யும். 29ஆம் நாள் பறித்தேன், வெளிறிய ரோஸ். பார்க்க வேண்டியது காயின் காம்பு கொடியில் சேரும் அதே கணுவில் இருக்கும் கம்பியை மட்டும்.

மூன்றாவதில் அந்தக் கணுவில் சிவப்பு உல்லன் நூல் கட்டி, பூ தொட்ட தேதியையும் எழுதித் தொங்கவிட்டேன். 31ஆம் நாள் கம்பியின் நுனி பழுப்பானது. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். 34இல் பாதி கருகியது. 36ஆம் நாள் அடி வரை காய்ந்து, தொட்டதும் ஒடிந்தது. தோலில் பளபளப்பு போய் மங்கியிருந்தது, நகமும் இறங்கவில்லை. எடை இரண்டு கிலோ 300. இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரில் நடுச்சதை 11, தோலோரம் 8. வாங்கியதிலிருந்து சும்மா கிடந்த மீட்டருக்கு இப்போதுதான் வேலை வந்தது.

விதை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் பத்துக்கு நாலுதான் முளைத்தது. பக்கத்து ஊர் உரக்கடையில் வாங்கியதில் ஒன்பது. அடுத்த தடவை அங்கேயேதான். உள்ளே மஞ்சளாக இருக்கும் ரகம் சொல்லி வைத்திருக்கிறேன், அதற்கு இரும்புக் குழாயில் பந்தல் போட வேண்டும், இந்த மூங்கில் இப்போதே வளைகிறது.

நாலாவது காய்க்கு இன்று 24ஆம் நாள். கம்பி இன்னும் பச்சை. வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்க்கிறார்கள்.